ஒளிப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கேமரா பராமரிப்பு வகுப்பு, பொங்கல் ஒளிப்பட நடை, ஆண்டுப் போட்டி மூன்றும் குறைவின்றி நடந்தன. செயற்குழுக் கூட்டம் இரண்டு முறை போதிய வருகை இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நடத்திய ‘ஒரே கூண்டு’ திட்டம். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் விலங்குகளின் முதுகுதான் படத்தில் கிடைக்கும். ஆகவே ஒருவருக்கு ஒரு கூண்டு, மூன்று மணி நேரம் என்று விதி வைத்தோம். விசில், கைதட்டல், தின்பண்டம் எதுவும் கிடையாது. விலங்கைச் சீண்டுவதும் உணவளிப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி வாங்கிய பார்வை பயந்த பார்வையாகவே பதிவாகும்.

வலைக்கூண்டில் பலருக்கும் படம் வெளிறியது. 300 மி.மீ. லென்ஸில் அப்பெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 5.6 அல்லது அதைவிட அகலமாகத் திறந்து, விலங்கு வலையை விட்டுச் சில மீட்டர் உள்ளே போகும்வரை காத்திருந்தால் கம்பி மறைந்துவிடும். ஆனால் வெயில் பட்ட கம்பி கண்ணுக்குத் தெரியாமலேயே வெண்புகைபோலப் படம் முழுக்கப் பரவும். நிழலில் இருக்கும் வலைப்பகுதியைத் தேடி நின்றவர்களின் படமே தேறியது. தானியங்கி ஃபோகஸ் வலையைப் பிடித்துக்கொண்டால் ஒற்றைப் புள்ளிக்கு மாறி, கையால் திருத்தி, அருகிலுள்ள கண்ணில் நிறுத்த வேண்டும்.

சோலைமந்தியின் (சிங்கவால் குரங்கின்) முகம் கறுப்பு, பிடரி வெள்ளி. முகத்தில் மட்டும் ஒளி அளந்தால் பிடரி வெளுத்துவிடும், அதைக் கணினித் திருத்தத்தில் மீட்க முடியாது. பிடரி வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) குறைத்து, ‘ரா’ கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) நிழல்களை உயர்த்துங்கள். வெள்ளைப்புலிக்கு நேர்மாறு: முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்கு) கூட்டாவிட்டால் சாம்பல் நிறமாகும். குரங்குக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, படுத்த புலிக்கு 1/250 நொடி. மேகமூட்டமான நாளில், விலங்கு தலையைச் சற்று உயர்த்தும்போது வானம் கண்ணில் ஒளிப்புள்ளியாக விழும். காத்திருப்பது அந்த நொடிக்குத்தான்.

திருத்தத்தில் முதலில் இலைகளின் பச்சைச் சாயலை வெண்சமநிலையில் (நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பில்) நீக்க வேண்டும். புகைநீக்கியை (திருத்த மென்பொருளில் மங்கலைக் குறைக்கும் ‘டிஹேஸ்’ கருவியை) விலங்கின்மீது மட்டும் 10 முதல் 20 வரை; முழுப்படத்துக்கும் போட்டால் நிறம் கனத்துவிடும். கண்ணுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போதும். இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு) நீக்கம் பின்னணியில் அழுத்தமாக, முகத்தில் இலேசாக. இல்லையேல் மயிர் மெழுகாகிவிடும். போட்டிக்கு வந்த ஒரு படத்தில் இரு கண்ணிலும் இரு வேறு திசையில் ஒளிப்புள்ளி வரைந்திருந்தது, அதை ஏற்கவில்லை.

படத்தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல் தெரிய வாய் இழுக்கும் சிம்பன்சி பெரும்பாலும் அஞ்சுகிறது. கோரைப்பல் காட்டும் ஆண் சோலைமந்தியின் கொட்டாவி பல நேரம் பதற்றம். உதடு சுருக்கும் புலி வாசனையை ஆராய்கிறது. இவற்றுக்குச் ‘சிரிப்பு’, ‘கோபம்’ என்று பெயரிட்டவை திருப்பி அனுப்பப்பட்டன.

திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். எந்த ஞாயிறும் ஆறு பேருக்கு மேல் வரவில்லை. மற்றவர்கள் மாலையில் குழுவில் படம் மட்டும் கேட்டார்கள். மழை, தொலைவு, கேமராக் கட்டணம் எனக் காரணங்கள் வந்தன. அதே மழையில், அதே தொலைவிலிருந்து வந்த ஆறு பேருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா நிலுவையே பெருங்காரணம். தலைவர், பொருளாளர், இடம் தந்த நூலகத்தார், பூங்காப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 12×18 அங்குலத்தில் கண்காட்சி வைக்க விருப்பம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600×5400 பிக்சல் வேண்டும். பாதியாக வெட்டிய படம் தாங்காது. திரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள், இல்லையேல் கறுத்து வரும். அச்சுக்கூலிக்கு இப்போதுள்ள கையிருப்பு போதாது. பொறுப்பேற்க இளையவர் எவரேனும் முன்வந்தால் கூண்டுப் பட்டியலையும் கணக்கேட்டையும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். அதுவரை, நிலுவைச் சந்தாவையும் திருத்தாத ‘ரா’ கோப்புகளையும் இம்மாத இறுதிக்குள் தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்