மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி

அன்புள்ள செல்வம்,

நலம், நலமறிய ஆவல். முட்டி வலி குறைந்து மறுபடியும் தோட்டத்துக்கு இறங்கிப் போகிறாய் என்று மீனா போனில் சொன்னதாகக் கமலா சொன்னாள். கேட்கவே நிம்மதியாக இருந்தது. மழை ஓயும்வரை அந்தச் சரிவில் மூட்டை மட்டும் தூக்காதே. பையன்தான் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டானே, அவன் தூக்கட்டும்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். என் காய்கறிக் கடைக்குப் பழைய லாரி ஒன்று வாங்கலாமா என்று கேட்டதற்கு, "ஓடுகிற வண்டிக்கு வயசு ஏது, வாங்கிப் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மலேசியாவில், கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவரில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன் வேறு எப்படிச் சொல்வாய்? உங்கள் பக்கத்தில் தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டுகிறான். இங்கே சிங்கப்பூரில் அப்படி முடியாது. சரக்கு வண்டிக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இந்தத் தலைவலி வந்ததே அதனால்தான்.

லிம் அங்கிளை நினைவிருக்கும். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து எங்கள் ஈசூன் மார்க்கெட்டுக்கு நாலைந்து கடைக்காரர்களின் காய்கறியை ஏற்றி வருவாரே, அவர்தான். அவருடைய லாரிக்கு இந்த வருஷக் கடைசியில் 20 வயது முடிகிறது. இன்ஜின் இன்னும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனாலும் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த வயதில் புது லாரிக்குக் கடன் வாங்கமாட்டேன், ஓய்வெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என் கீரை வெயிலில் காய்ந்ததில்லை. விடிவதற்குள் கட்டுக்கட்டாகக் கடை வாசலில் இருக்கும். அவர் போகிறார் என்றதும் எனக்கு ஒரு கை போனதுபோல்தான் இருக்கிறது.

அவருக்குப் பதில் வேறு ஆள் பார்த்தேன். கேட்கிற காசுக்குக் கறிவேப்பிலையைத் தங்க விலைக்குத்தான் விற்க வேண்டும். மாத வாடகைக்கு வண்டி எடுக்கலாம் என்றால் 1,500 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழே யாரும் பேசவில்லை. மின்சார வேன் வாங்கச் சொல்கிறான் மகன். நல்ல யோசனைதான், ஆனால் கையில் முதல் வேண்டும். புது டீசல் லாரியோ வண்டி விலையும், வண்டியைப் பதிய ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ சீட்டும் சேர்ந்து ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். சரக்கு வண்டிக்கான சிஓஇ மட்டுமே 2025-இல் 70,000 வெள்ளியைச் சுற்றி நின்றது. 2020 தொடக்கத்தில் அது இருபதாயிரங்களில் இருந்தது என்றால் நம்புவாயா? அதனால்தான் பழைய வண்டி பார்க்கக் கிளம்பினேன்.

பழைய வண்டிக் கணக்கு இங்கே எப்படிப் போகிறது என்று உனக்கு விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எதற்குத் தயங்குகிறேன் என்று உனக்குப் புரியாது. சிஓஇ பத்து வருஷத்துக்குத்தான். அது முடியும்போது வண்டியைக் கழிக்கலாம், அல்லது கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். பத்து வருஷத்துக்கு முழுத் தொகை, ஐந்து வருஷத்துக்குப் பாதி. நான் பார்த்து வைத்திருக்கிற வண்டி 2017-இல் பதிவானது, சிஓஇ-யில் மிச்சம் 14 மாதம். அன்றைக்கு அதற்குக் கட்டிய சிஓஇ 48,000 வெள்ளி. 120 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 400. ஆக அந்தக் காகிதத்தின் இன்றைய மதிப்பு 5,600. விற்பவர் கேட்பது 12,800. அப்படியானால் இரும்புக்கு நான் கொடுக்கும் விலை 7,200 வெள்ளிதான்.

இன்னொரு வகையில் பார். நான்காவது மாதம் இன்ஜின் படுத்துவிட்டது என்றே வைத்துக்கொள். வண்டியைப் பதிவிலிருந்து எடுத்தால் மிச்சமுள்ள பத்து மாதத்துக்கு 4,000 வெள்ளி திரும்ப வரும், உடலைப் பழைய இரும்பு யார்டில் போட்டால் இன்னும் கொஞ்சம். நஷ்டம்தான், ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த நஷ்டம். படுக்காமல் 14 மாதமும் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 915 வெள்ளி. டீசல், காப்புறுதி, சாலை வரி, பார்க்கிங் எல்லாம் தனி. ரிப்பேருக்கென்று மாதம் 200 ஒதுக்கினாலும் வாடகை வண்டியைவிடக் குறைவு.

இப்போது நீ கேட்காமல் விட்ட கேள்வி. வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது? 312,000 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்ததும் கமலா, "வேண்டாங்க" என்றாள். எனக்கும் முதலில் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஈசூனிலிருந்து பாசிர் பாஞ்சாங் போய்வர 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் சிடிஇ விரைவுச்சாலை காலியாகக் கிடக்கும், ஈஆர்பி சாலைக் கட்டணமும் கிடையாது. 14 மாதமும் இப்படி ஓட்டினால் கூடுவது இருபதாயிரம் கிலோமீட்டர்தான். மூன்று லட்சம் ஓடிய இன்ஜின் இன்னும் இருபதாயிரம் ஓடுமா என்பதுதான் என் கேள்வி. உன்னைப் போல இன்னும் இருபது வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றால் அந்த எண் என்னைத் தூங்கவிடாது. இங்கே இரும்பு சாவதற்கு முன்னால் காகிதம் செத்துவிடுகிறது.

இதைவிட நல்லது என்று எல்லாரும் சொன்ன வண்டியையும் பார்த்தேன். 168,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சிஓஇ 16 மாதம், விலை 15,000. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிக்குப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். பின்கதவைத் திறந்து கீல் பக்கத்தில் விரலை விட்டேன், காய்ந்த மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. உடனே கீழே படுத்துப் பார்த்தேன். பலகைக்கு அடியில், கேபினுக்குப் பின்னால் சேஸி இரும்பு வளையும் இடத்தில், ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் பெயின்ட்டோடு சேர்ந்து துரு அப்பளமாகப் பெயர்ந்து விழுகிறது. மீன் பெட்டியிலிருந்து ஐஸும் உப்புத் தண்ணீரும் வருஷக்கணக்கில் சொட்டிய வண்டி அது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துருவை விற்றால்கூடப் பரவாயில்லை, அதை மூடி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சேஸி முறிந்தால் போவது பணம் மட்டுமா? பக்கத்து லேனில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் உயிரும் போகும்.

312,000 ஓடிய வண்டி ஹோட்டல் துணிகளைச் சலவைக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த வண்டி. பத்தடி லாரி, மேலே தார்ப்பாய்க் கூரை. துணிதானே, பாரம் ஒன்றும் பெரிதில்லை. பாதிக்கு மேல் விரைவுச்சாலையில் ஒரே சீராக ஓடியிருக்கிறது. அதைவிட முக்கியம், தொடக்கத்திலிருந்து ஒரே டிரைவர். பெரியவர், பினாங்குக்காரர். டைமிங் பெல்ட், கிளட்ச், இன்ஜெக்டர் எப்போது எப்போது மாற்றியது என்று பட்டறை ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். தன் சொந்த வண்டிகூட இல்லை, முதலாளியின் வண்டி. அதற்கு இவ்வளவு அக்கறை காட்டிய மனிதரைப் பார்த்ததும் பாதி முடிவு எடுத்துவிட்டேன்.

மீதிப் பாதிக்கு நீ கப்பல் பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன். சூடான இன்ஜின் பொய் சொல்லும், குளிர்ந்த இன்ஜினைத்தான் கேட்க வேண்டும் என்பாயே. முன்னால் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காலையில் போய், சீட்டைத் தூக்கி இன்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரு தரம் இழுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, சூடேறியதும் நின்றுவிட்டது. நீலப் புகை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைக் கழற்றி அதன் வாயிலேயே கவிழ்த்து வைத்தேன். லேசாக நடுங்கியதே தவிர எகிறி விழவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது மட்டும் ஒரு முனகல் இருக்கிறது, ஸ்டியரிங்கிலும் கொஞ்சம் ஆட்டம். இடது பக்கப் பட்டை வில்லில் ஒரு தகடு மாற்ற வேண்டும். இவை எல்லாம் விலை பேச உதவும் குறைகள், வண்டியைத் தள்ள வேண்டிய குறைகள் இல்லை என்று நினைக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் விக்கம் வண்டிச் சோதனை நிலையத்தில் விட்டு ஒருதரம் முழுசாகப் பார்த்துவிடுவேன். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

14 மாதத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்பாய். ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தால் அந்த 70,000 கணக்கில் 35,000 கட்ட வேண்டும், மாதத்துக்கு 400 இருந்த காகிதம் 580-ஐத் தாண்டும். பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அந்த ஐந்து வருஷம் முடிவதற்குள் கிலோமீட்டரும் நாலு லட்சத்தைத் தொடும். அந்தப் பணத்தை அந்த வயது இன்ஜின்மேல் போட மாட்டேன். இந்த 14 மாதத்தில் கடைக் கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்து, அதற்குள் சேர்க்க முடிந்ததைச் சேர்த்து, அடுத்த வண்டியைக் கொஞ்சம் இளசாக வாங்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்றும் முடிவு செய்துவிட்டேன், இதில் உன் சம்மதம் எனக்கு முக்கியம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நான், உதவிக்கு இருக்கும் முருகேசன், இன்னொருவர். தீபாவளி, பொங்கல் நேரத்தில் கூடுதல் ஆள் எடுத்தால் பஸ் காசு கொடுத்து வரச் சொல்வேனே தவிர, பின்னால் ஏற்ற மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களைப் பின்னால் ஏற்ற இன்னும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2023-லிருந்து மழைத் தடுப்பு கட்டாயம், டிரைவரைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் விதி வந்திருக்கிறது. வந்தது நல்லதுதான். ஆனால் நீயும் நானும் செம்பவாங் கப்பல் பட்டறைக்கு அப்படிப் போனவர்கள். வளைவில் திரும்பும்போதெல்லாம் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கண்ணை மூடிக்கொள்வாய். முருகேசனுக்கு ஊரில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவன் என் வண்டியில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வருவான்.

உங்கள் பக்கம் டீசல் கதை எப்படி இருக்கிறது? 2024 ஜூனில் ஒரே நாளில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபோது நீ எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அப்போது விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் என்று அறிவித்த உதவித்தொகை உனக்கு ஒழுங்காக வருகிறதா? மலையிலிருந்து இறங்கும் தக்காளிக்கு அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பாசிர் பாஞ்சாங்கில் நான் தினம் பார்க்கிறேன். விலை இங்கே ஏறினாலும் உன் கைக்கு அது வந்து சேர்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கமலா இப்போது அரை மனதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். பினாங்குப் பெரியவரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். விலையை 11,500-க்குக் கேட்டிருக்கிறேன், 12,000-க்கு முடியும் என்று தோன்றுகிறது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தது, மூன்றாவது கியர் விழுந்தது இரண்டையும் போனில் பதிவு செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். காதில் மாட்டிக்கொண்டு அமைதியான இடத்தில் உட்கார்ந்து கேள். அந்த முனகல் கியர்பாக்ஸ் பேரிங்கா, கியரைச் சேர்க்கும் சின்க்ரோ வளையத்தின் தேய்மானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேரிங் என்றால் இன்னும் 800 வெள்ளி குறைக்கச் சொல்வேன். சனிக்கிழமைக்கு முன்னால் பதில் போடு, கடிதம் வேண்டாம், போனிலேயே சொல்லிவிடு.

மீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
சந்திரன்
ஈசூன், சிங்கப்பூர்