கடலூருக்கு ஓர் இருநாட்டுப் பண்பாட்டு மையம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலத்தை அதற்குரிய பண்பாட்டோடு சேர்த்துக் கற்றுத்தருவதும், நம் கலைகளையும் மொழியையும் அயல்நாட்டாருக்கு அறிமுகம் செய்வதுமான ஒரு மையம் இம்மாவட்டத் தலைநகரில் அமைய வேண்டும் என்ற கோரிக்கையை மாவட்ட நிர்வாகத்தின் முன்பும் ஊர்ப் பெரியவர்கள் முன்பும் தங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்புகிறேன்.

என்னிடம் படித்த தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருவர் பொறியியல் பட்டம் பெற்றுச் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்து, பிறகு நான்கு ஆண்டுகள் ஆங்கில வழியிலேயே படித்த அவர், சொந்த ஊரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டபோது நான்கு வரி பேச முடியாமல் கண்கலங்கித் திரும்பி வந்தார். அதன்பின் கடன் வாங்கி 8,000 ரூபாய் கட்டி, 45 நாளில் சரளமாகப் பேசவைப்பதாக விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்தவை ஜெராக்ஸ் எடுத்த ஒரு கட்டுத் தாளும், தன்னைப் பற்றி ஒப்பிக்கப் பத்து வாக்கியங்களும்தான். இலக்கணம் அவருக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் உரையாட ஒரு துணையும், விரும்பிப் படிக்க நாலு புத்தகங்களும் இந்த ஊரில் அவருக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலும் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகமும் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேருந்தில் போக வேண்டியவர்களுக்கு அவற்றால் என்ன பயன்?

இதற்குத் தென் அமெரிக்கர்கள் கண்ட வழி நாம் கவனிக்கத் தக்கது. அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் 1927-லும், பெருவின் லிமாவில் 1938-லும், கொலம்பியாவின் பொகோடாவில் 1942-லும் தொடங்கப்பட்ட மையங்களை இருநாட்டு மையங்கள் என்று அழைக்கிறார்கள். அமெரிக்கத் தூதரகத்தோடு நெருங்கிய உறவு இருந்தாலும் இவை தூதரகத்தின் கிளைகள் அல்ல. அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவாகி, அந்த ஊர்க்காரர்கள் இடம்பெற்ற ஆட்சிக் குழு நடத்துகின்ற, இலாப நோக்கமில்லாத அமைப்புகள். ஆங்கில வகுப்புக் கட்டணமே இவற்றின் முதன்மை வருமானம். அந்த வருமானத்தில்தான் நூலகமும் ஓவியக் கூடமும் நாடக அரங்கும் நடக்கின்றன. மாலையில் ஆங்கிலம் படிக்க வரும் இளைஞர் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, அதே கட்டடத்தில் தம் நாட்டு ஓவியர் ஒருவரின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறது. வெளிநாட்டு நிதி குறைகிற ஆண்டிலும் மையம் மூடப்படாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்று கருதுகிறேன்.

அவ்வளவு தொலைவுக்குப் போக வேண்டியதுமில்லை. பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் கற்பிக்கும் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-இல் தொடங்கியது. அலியான்ஸ் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்ச் சட்டப்படி பதிவான ஒரு சங்கமாகவே இயங்குவது அதன் வழக்கம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டு நீங்கிய பிறகும் பிரெஞ்சு மொழி அங்கே தங்கியதற்கு இத்தகைய நிறுவனங்களும் ஒரு காரணம். 1955-இல் அமைந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே சேகரித்துக் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிரான்சுவா குரோ போன்ற அறிஞர்கள் அந்தச் சூழலில் தமிழ் ஆய்வு செய்தவர்கள். அவர்கள் தங்கள் மொழியைத் தந்ததோடு நம் மொழியையும் கற்றுக்கொண்டு போனார்கள்.

கடலூருக்கும் ஆங்கிலேயருக்கும் உள்ள தொடர்பு இதைவிடக் குறைந்ததன்று. 1690-இல் புனித டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தொலைவு வரையுள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்று எழுதி வாங்கினார்கள். குண்டு சாலை என்ற பெயரில் அது நம்மிடையே இன்னும் நிற்கிறது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த 1746-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஆங்கிலேயருடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடமாகவும் இந்தக் கோட்டையே இருந்தது. இத்தனை நெருங்கிய தொடர்பின் மிச்சமாக நம்மிடம் இருப்பவை இடிந்த சுவர்களும் ஒரு சாலையின் பெயரும். பள்ளிகள் வந்தன, பாடம் வந்தது. கொடுத்து வாங்குகிற உறவு வரவில்லை.

ஆங்கில மையம் வந்தால் தமிழ் தேயும் என்று கவலைப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 1906-இல் நம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், ஆங்கிலத்தின் வழியாகப் பல நாட்டுச் சிறுகதைகளை ஏராளமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கற்ற ஆங்கிலம் தமிழுக்கே வரவாயிற்று. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் ருஷ்ய நட்புறவுப் பணிகளில் ஈடுபட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். அயல் பண்பாட்டோடு உறவாடுவது கடலூர்க்காரர்களுக்குப் புதிதன்று.

ஆகவே நான் கேட்கும் மையத்தில் கொடுக்கல் வாங்கல் இரண்டும் இருக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வரும் அயல்நாட்டு ஆசிரியருக்கு அங்கேயே தமிழ் வகுப்பு நடக்க வேண்டும். இந்தப் பகுதியின் தெருக்கூத்துக் கலைஞர்கள் அங்கே ஆட வேண்டும். கூத்தின் கதையை வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பை மாணவர்களுக்கே கொடுக்க வேண்டும். தன் ஊரைப் பற்றிப் பேச முடியாமல் திரும்பிய அந்தப் பெண்ணுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். மாவட்ட மைய நூலகத்திலோ தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலோ மாலை நேரத்தில் இரண்டு அறைகள் கிடைத்தால் தொடங்கிவிடலாம். மாவட்ட ஆட்சியர் முன்கை எடுத்து, சிப்காட் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் பெற்று, சென்னையிலுள்ள பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரண்டு நாடுகளின் தூதரக அலுவலகங்களுக்கும் எழுதலாம். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால், அமெரிக்க அரசு 2004 முதல் பல நாடுகளில் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் ஆங்கிலம் கற்பித்து வந்த திட்டத்தைப் போல, அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் குறிப்பிட்ட இடங்களைக் கட்டணமின்றி ஒதுக்குவதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கிராமத்துப் பெண்களை எண்ணி, வகுப்புகளை இரவு ஏழு மணிக்குள் முடிக்கவும் வேண்டும்.

அப்படி ஒரு மையம் தொடங்கப்படுமானால் வாரம் மூன்று மாலைகள் ஊதியம் பெறாமல் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவரும் தம் இசைவைத் தெரிவித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.