இடுப்புத் தேய்மானம்: நாற்பது வயதுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வு இணைப்பில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றிய கட்டுரை படித்தேன். வலி மாத்திரை, பிசியோதெரபி, அதற்கும் கேட்காவிட்டால் முழு மூட்டு மாற்று என்று முடிந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது போதும். நாற்பதுகளிலேயே இடுப்பு போனவர்களுக்கு ‘ஹிப் ரீசர்ஃபேசிங்’ என்று ஒரு சிகிச்சை இருப்பதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அதைச் செய்துகொண்டு இன்றும் லேத் முன்னால் நின்று வேலை பார்க்கிறவன் நான்; அதனால்தான் இந்தக் கடிதம்.

முழு மாற்றில் தொடை எலும்பின் கழுத்தை அறுத்து, பந்தை எடுத்துவிட்டு, எலும்புக்குள் நீளமாக ஒரு உலோகத் தண்டை இறக்குவார்கள். ரீசர்ஃபேசிங்கில் பந்து அங்கேயே இருக்கும். தேய்ந்த மேல்பரப்பை மட்டும் செதுக்கிவிட்டு, அதன்மேல் கோபால்ட்-குரோமியத்தில் ஒரு தொப்பி. எதிரே இடுப்புக் குழியில் அதே உலோகத்தில் ஒரு கிண்ணம். தேய்ந்த ஷாஃப்டைத் தூக்கி எறியாமல் ஸ்லீவ் போட்டு ஓட்டுகிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். தொடை எலும்பு மிச்சமாவதால், பின்னொரு காலத்தில் தேவைப்பட்டால் முழு மாற்றுக்குப் போக இடம் இருக்கிறது.

அந்த இடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 70 வயதுக்கு மேல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர்களில், வாழ்நாளில் மறுபடி அறுவைக்குப் போக வேண்டிய வாய்ப்பு 5 சதவீத அளவு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அதுவே 35 சதவீதம் வரை. இதனால்தான் நான் முதலில் பார்த்த டாக்டர், “இன்னும் வயசு இருக்குதுங்க, அறுபது வரைக்கும் மாத்திரையில ஓட்டுங்க” என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாக்ஸ் போடக்கூட மகனைக் கூப்பிட வேண்டியவன், அறுபது வரை பட்டறையை எப்படி நடத்துவது?

இன்னொரு விஷயம், பந்தின் அளவு. முழு மாற்றில் பெரும்பாலும் 28, 32, 36 மி.மீ. பந்துதான் வைக்கிறார்கள். எனக்கு மாட்டியது 50 மி.மீ.; பிறக்கும்போது இருந்த பந்தின் அளவுக்கு ஏறக்குறைய சமம். பெரிய பந்து குழியை விட்டு எளிதில் நழுவாது. சம்மணம் போட்டு இலையில் சாப்பிடுகிறேன். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் தயங்காமல் போகிறேன். இதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்காது.

இது நேற்று வந்த சோதனை முயற்சியும் அல்ல. இன்றைய வடிவம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டெரக் மெக்மின் என்ற டாக்டரால் 1997இல் வந்தது. அமெரிக்க அரசு 2006இல் அனுமதி கொடுப்பதற்கு முன்பே, அமெரிக்கர்கள் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்து செய்துகொண்டு போனார்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பை வாங்கினார்.

பிறகு ஏன் டாக்டர்கள் வாய் திறப்பதில்லை? ஏஎஸ்ஆர். அந்தப் பெயரில் வந்த இடுப்பு மூட்டுகளை (ரீசர்ஃபேசிங் வகை, முழு மாற்று வகை இரண்டும்) 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இரும்பும் இரும்பும் உரசிப் பிழைக்குமா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பிழைக்கும், நடுவே மூட்டுத் திரவம் மெல்லிய படலமாக நிற்கும்வரை. கிண்ணத்தைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டால் பளு முழுதும் விளிம்பில் ஏறும், படலம் அறுந்துவிடும், உலோகப் பொடி சுற்றியிருக்கும் சதையில் இறங்கும். ஏஎஸ்ஆர் கிண்ணம் ஆழம் குறைந்தது. கொஞ்சம் கோணம் தப்பினாலும் தாங்காது. ஒரு மாடலின் வடிவக் கோளாறுக்காக முறையையே ஒதுக்கியது சரியில்லை என்பது என் கட்சி. அதே சமயம், கோணம் டாக்டர் கையில் இருக்கிறது. இதை அடிக்கடி செய்து கை பழகியவரிடம் மட்டுமே போக வேண்டும்.

எல்லோருக்கும் இது ஆகாது. என் தங்கைக்கும் இடுப்பு தேய்ந்தது. “அண்ணனுக்குப் பண்ணுனதையே எனக்கும் பண்ணுங்க” என்று கேட்டாள். டாக்டர் மறுத்துவிட்டார், சரியாகத்தான் மறுத்தார். சிறிய அளவுகளில் கோளாறு அதிகம் என்று தெரிந்ததும், பர்மிங்காம் மூட்டைத் தயாரிக்கும் நிறுவனமே 2015இல் 46 மி.மீ. வரையான அளவுகளை நிறுத்தியது. பெண்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் எலும்பு மெலிந்தவர்களுக்கும் வேண்டாம். முதல் சில மாதங்களில் தொடை எலும்பின் கழுத்து முறியும் அபாயமும் உண்டு. தங்கை முழு மாற்று செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

செய்துகொண்டவர்களுக்கும், செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வைத்த அளவு. டிஸ்சார்ஜ் ஆகும்போது மூட்டின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டுங்கள். மாடல், அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். நம் நாட்டில் சுமார் 4,700 ஏஎஸ்ஆர் அறுவைகள் நடந்தன. 2018இல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்கு வழிமுறை அறிவித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அந்த ஸ்டிக்கரை நோயாளி கையில் கொடுப்பதை அரசு எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோவை-6