பொம்மை சொன்னத பெரியவங்க நம்புன நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டிவியில வர்ற குழந்தைங்க நிகழ்ச்சிய பத்தி யாரு எழுதுனாலும் பொம்மை, பாட்டு, கலர் கலரா செட்டு, நல்ல டைம்பாஸ்னு ரெண்டு வரில முடிச்சிடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு சார். அந்த பொம்மை என்ன சொல்லுது, சொன்னா பெரியவங்க அதுகிட்ட எப்படி நடந்துக்கறாங்கன்னு மூணு நாலு வயசு புள்ளைங்க கண்ண எடுக்காம பாத்துட்டு இருக்கும். அமெரிக்காவுல சீசேம் ஸ்ட்ரீட் நிகழ்ச்சில இதாலயே ஒரு பெரிய மாத்தம் பண்ணாங்க, அத நம்ம வாசகர்கள் தெரிஞ்சுக்கணும்னுதான் இந்த லெட்டர்.

1969ல ஆரம்பிச்ச நிகழ்ச்சி அது. பிக் பேர்டுன்னு எட்டடிக்கு மேல உயரமா ஒரு மஞ்சள் பறவை, உருவம்தான் பெருசு, மனசு ஆறு வயசு புள்ள மனசு. 1971ல அதுக்கு ஒரு ஃப்ரெண்டு வந்துச்சு, பேரு மிஸ்டர் ஸ்னஃபலப்பகஸ், செல்லமா ஸ்னஃபி. பாக்க யானை மாதிரி, ஆனா தந்தம் கெடையாது, உடம்பு பூரா பழுப்பு முடி, தரையில இழுபடற தும்பிக்கை, நீள நீளமா கண் இமை, பேசுனா எப்பவும் ஒரு சோகக் குரல். உள்ள ரெண்டு பேரு நின்னு அத நடக்க வைப்பாங்க.

இதுல விஷயம் என்னன்னா அந்த நிகழ்ச்சில வழக்கமா வர்ற பெரியவங்க யாருமே ஸ்னஃபிய பாத்ததில்ல. பிக் பேர்டு ஓடிப்போய் கூட்டிட்டு வரும், அவங்க வந்து சேர்றதுக்குள்ள ஸ்னஃபி எங்கயாவது நகந்து போயிருக்கும், உடனே அது நீயா நெனச்சுக்கறதுன்னு சொல்லிட்டு அவங்க வேலைய பாக்க போயிடுவாங்க. டிவி முன்னாடி உக்காந்திருக்கற புள்ளைங்களுக்கு ஸ்னஃபி நெஜம்னு நல்லா தெரியும், பிக் பேர்டு பொய் சொல்லலன்னும் தெரியும், ஆனா நம்பறதுக்குத்தான் ஆள் இல்ல. தமாஷுன்னு நெனச்சு இத 14 வருஷம் ஓட்டுனாங்க.

1980கள்ல குழந்தைங்களுக்கு நடக்கற பாலியல் கொடுமைய பத்தி அந்த ஊரு டிவியிலயும் பத்திரிகையிலயும் நிறைய செய்தி வர ஆரம்பிச்சுது. அப்பதான் நிகழ்ச்சிய எடுக்கறவங்களுக்கு உறைச்சுது, நீ உண்மைய சொன்னாலும் பெரியவங்க நம்பமாட்டாங்கன்னு நாமளே புள்ளைங்களுக்கு கத்துக்குடுத்துட்டு இருக்கோமோன்னு. அப்படி நெனக்கற புள்ள தனக்கு ஏதாவது ஆனா வாயத் தெறக்குமா? இத்தன வருஷம் ஓடுன தமாஷ நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. இந்த ஒரு முடிவுக்காகவே அவங்கள கையெடுத்து கும்பிடலாம்னு தோணுது எனக்கு.

1985 நவம்பர் 18 அன்னிக்கு அந்த எபிசோட் வந்துச்சு. பெரியவங்களுக்கு ஆள் அனுப்பியாச்சு, வந்துட்டு இருக்காங்க, ஸ்னஃபி வழக்கம்போல நகரப் பாக்குது, அப்ப எல்மோன்னு இன்னொரு குட்டி பொம்மை அதோட தும்பிக்கைய ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சு தொங்குது, விடவே மாட்டேங்குது. வந்தவங்க எல்லாம் அப்படியே வாயடைச்சு நிக்கறாங்க. பிக் பேர்டு தன் ஃப்ரெண்ட அவங்களுக்கு அறிமுகம் பண்ணி வைக்குது, இத்தன நாளா நம்பாததுக்கு அவங்க மன்னிப்பு கேக்கறாங்க, இனிமே நீ சொன்னா நம்புவோம்னு வாக்கு குடுக்கறாங்க. பெரியவங்க ஒரு புள்ளைகிட்ட மன்னிப்பு கேக்கறத டிவியில எத்தன தடவ பாத்திருப்போம் சொல்லுங்க.

அதே ஸ்னஃபிய வச்சு 1992ல அப்பா அம்மா டைவர்ஸ் பத்தி ஒரு எபிசோட் எடுத்தாங்க. டெலிகாஸ்ட்டுக்கு முன்னாடி சின்ன புள்ளைங்களுக்கு போட்டு காட்டி கேட்டிருக்காங்க. அப்பாவும் அம்மாவும் உன்மேல எப்பவும் பாசமாத்தான் இருப்பாங்கன்னு அதுல தெளிவா சொல்லியிருந்தும் புள்ளைங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிச்சு, ஸ்னஃபி இனிமே அவங்க அப்பாவ பாக்கவே முடியாதுன்னு பயந்துடுச்சு. அவ்ளோ செலவு பண்ணி எடுத்தத ஒளிபரப்பாமலே தூக்கி வச்சுட்டாங்க. பெரியவங்க எழுதுன வசனம் எவ்ளோ நல்லா இருந்தா என்ன சார், புள்ளை காதுல அது எப்படி விழுதுங்கறதுதானே முக்கியம்.

உங்க பேப்பர்ல குழந்தைங்க நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாலஞ்சு சின்ன புள்ளைங்கள பக்கத்துல உக்கார வச்சு பாருங்க, முடிஞ்சதும் அந்த பொம்மைக்கு என்ன ஆச்சு, அது சொன்னத யாரு நம்புனாங்கன்னு கேளுங்க, அதுங்க சொல்றத அப்படியே எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி