பேருந்து நிறுத்தத்துப் பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

இன்று காலை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் இரண்டு கையாலும் தட்டச்சு செய்கிறேன். மணிக்கட்டு மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. இருந்தாலும் முதலில் எழுத வேண்டியது இந்த மடல்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து நார்வேயின் டிரொண்ட்ஹைமுக்குப் படிக்க வந்த இடத்தில் நான் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டது உங்களுக்கெல்லாம் தெரியும். அம்மா சொல்லியிருப்பார், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதை மறுபடியும் சொல்லப்போவதில்லை. நன்றி மட்டும் சொல்ல வேண்டும்.

அதில் ஒருவருக்கு நான் இன்னும் வாய் திறந்து நன்றியே சொல்லவில்லை. அவர் பெயர் தெரியாது. முகம்கூடப் பாதிதான் தெரியும், மீதியைக் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும் மூடியிருந்தன. அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

இங்கே பனிக்காலத்தில் எல்லாரும் காலணிக்கு அடியில் 'புரொடர்' என்று ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். ரப்பர் வாரில் சின்னச் சின்ன இரும்பு முட்கள் பதித்திருக்கும். முன்பக்கம் விரல்களுக்கு மேல் மாட்டி, பின்னால் குதிகாலுக்கு இழுத்துவிட வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துப் போவதால் இரண்டு கையும் வேண்டும். கட்டடத்துக்குள் போகும்போது கழற்ற வேண்டும், வெளியே வரும்போது மறுபடியும் மாட்டவேண்டும். நான் விழுந்த மறுநாளே என் அறைத்தோழி ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தாள். ஆனால் ஒரு கையால் எப்படி மாட்டுவது? இரண்டு முறை முயன்றேன், முடியவில்லை. விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல் பையின் ஓரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரையும் வேலியையும் பிடித்தபடி நடந்தேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மாவும் தொலைபேசியில் அதையேதான் கேட்டார். ஆனால் என்னால் முடியவில்லை. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். "கொஞ்சம் குனிந்து என் காலணியைப் பிடித்து இதை மாட்டிவிடுங்கள்" என்று அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? வாயில் வரவே இல்லை. அறைத்தோழியிடம்கூட "நானே மாட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கட்டுப் போட்ட அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி, இன்னும் கும்மிருட்டு. முதல் நாள் மழை பெய்து இரவில் உறைந்திருந்தது. மோஹோல்ட் மாணவர் குடியிருப்புப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். மேலங்கியில் தொங்கிய ஒளிர்வில்லை, கார் வெளிச்சம் படும்போதெல்லாம் பளிச்சென்று மின்னியது. அவர் என் கையைப் பார்த்தார், பையில் தொங்கிய புரொடரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்து இருக்கையில் உட்கார வைத்தார். புரொடரை எடுத்து, பல்லால் விலைச்சீட்டைக் கடித்துப் பிய்த்தார். தன் கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்தப் பனிக்கட்டித் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நோ, நோ" என்று காலை இழுத்தேன். அவர் விடவில்லை. ரப்பரை இழுத்தபோது விரல் முட்டிகள் சிவந்து போனதைப் பார்த்தேன். குதிகாலில் 'டப்'பென்று வார் விழுந்தது. அப்புறம் இடது கால். இரண்டையும் மாட்டி முடித்து, காலணியின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "ஸொன்" என்றார். அவர் சொன்ன ஒரே சொல் அதுதான். 'ஆச்சு' என்று அர்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பள்ளிக்குப் போகும் அவசரத்தில் அம்மா எனக்குச் சடை பின்னி முடித்து, முதுகில் தட்டி "ஆச்சு" என்பாரே, அதே தொனி.

பேருந்து வந்தது. அவர் முன்னால் ஏறிப்போய் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். அழுகையை அடக்குவதிலேயே இருந்துவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் நன்றி சொல்லவில்லை என்பது உறைத்தது. அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

அன்று மாலையே அறைத்தோழியிடம் காலை நீட்டினேன். அதற்குப் பிறகு கட்டுப் பிரிக்கிற வரை கேட்பதற்கு நான் தயங்கவே இல்லை. வகுப்பு வாசலில் யார் நின்றாலும் கேட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சரி, மற்றவர்கள். ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுக்கும் அறையில் என் பெயரைப் படித்துவிட்டு, "பிள்ளை தமிழோ? தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்ட யாழ்ப்பாணத்து அக்காவுக்கு நன்றி. டிரொண்ட்ஹைமில் அந்தக் குரலைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவருடைய அப்பா எண்பதுகளில் வந்தவர். இரண்டு மாதம் சூரியனே எழாத வடகோடி ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அக்காவைப் பார்த்த மூன்றாம் நாள் பொங்கல். என்னைக் காரில் வந்து கூட்டிப்போனார்கள். வெளியே பனி, உள்ளே மின்னடுப்பில் பால். "சூரியன் பத்து மணிக்குக் கிட்டத்தான் வருவான். பால் காத்துக்கொண்டிராது, பொங்கட்டும்" என்றார் அக்கா. பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று கூவினோம். அவருடைய அப்பா, கட்டுப் போட்ட என் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் கையால் பொங்கலை எடுத்து எனக்கு ஊட்டிவிட்டார்.

வாரம் தவறாமல் என் தலையைக் கழுவிவிட்ட கொரியத் தோழிக்கு நன்றி. மருத்துவமனைத் தாதிகளுக்கும், நள்ளிரவில் பொறுமையாகப் பேசிய காப்புறுதி அதிகாரிக்கும், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அம்மா தனியாக இருக்கக்கூடாது என்று தினமும் மாலையில் வந்து உட்கார்ந்த மூன்றாம் வீட்டு மலாய் அத்தை மக்சிக்குக்கும், பாடக்குறிப்புகளைக் குரல்பதிவாக அனுப்பிய தோழர்களுக்கும், கிளம்பும் முன்பே "உள்ளே கம்பளி, வெளியே காற்று புகாதது" என்று பட்டியல் போட்டுக் கொடுத்த மூத்த மாணவர்களுக்கும் நன்றி.

அடுத்து வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் "மைனஸ் எத்தனை?" என்றுதான் கேட்கிறீர்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934 சனவரியில். அதனால் மைனஸ் என்றாலே நமக்குப் பயம். ஆனால் மைனஸ் பத்தில் பனி காய்ந்து கிடக்கும், கால் அவ்வளவாக வழுக்காது. கடலோரமான இந்த ஊரில் சுழியத்தை ஒட்டி உருகி உருகி உறைகிற நாள்கள்தான் ஆபத்து. பனிக்கட்டி மேல் மெல்லிசாகத் தண்ணீர் நின்றால் கண்ணுக்கே தெரியாது. புரொடர் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

இந்த ஊர்க்காரர்கள் எடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள். சாப்பிட்டு எழுந்தால் சாப்பாட்டுக்கு நன்றி. அதிகம் சொல்ல வேண்டுமானால் 'தூசன் தாக்', ஆயிரம் நன்றி. நம் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால், "என்னடி, வெளியாள் மாதிரி?" என்று கோபித்துக்கொள்வார். அது எனக்குப் பிடித்த கோபம்தான். ஆனாலும் இந்த ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அம்மா, அப்பா, ஒரு நாள்கூட "திரும்பி வந்துவிடு" என்று சொல்லாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி. சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் நம் பல்கலைக்கழகத்துக்குக் குளிர்நாட்டு மாணவர்கள் வருவார்கள். வேர்த்துக் கொட்ட, எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அவர்களை எத்தனை முறை கடந்து போயிருக்கிறேன்! இனிமேல் போக மாட்டேன். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கவும் மாட்டேன்.

இன்னொன்றும் இங்கே கற்றுக்கொண்டேன். ஒருவரை மறுபடி பார்க்கும்போது, 'தாக் ஃபோர் சிஸ்ட்' என்பார்கள். போன முறைக்கு நன்றி என்று பொருள். அந்த அக்காவிடம் கேட்டு உச்சரிப்பைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும் எட்டு மணிக்கு அதே நிறுத்தத்தில் நிற்கிறேன். பாட்டி இன்னும் வரவில்லை. இப்போது அந்த நேரத்தில் வெளிச்சம் வந்துவிடுகிறது. வந்தால் முகம் நன்றாகத் தெரியும். அம்மா அனுப்பிய முறுக்கில் ஒரு டப்பாவை அவருக்கென்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நாளை செவ்வாய்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை