சத்தத்தைக் குறைத்துவிட்டே பார்க்கலாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த ரெண்டு வரிதான் மனசை விட்டுப் போகவில்லை. டிவி பார்ப்பதையே விட்டுவிட்டேன், சத்தம் வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் தொந்தரவு, குறைத்தால் எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமையானால் 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த தெருவுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியவள் நீ!

அதனால்தான் மருமகளிடம் சொல்லி அமேசான் பிரைமுக்குச் சந்தா கட்ட வைத்தேன். உன் காதை நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். புஷ்கர், காயத்ரி எழுதிய 'சுழல்' என்ற தொடர் அதில் 2022-இல் வந்தது. மலையடிவார ஊர் ஒன்றில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிற நேரத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அக்காவாக ஐஸ்வர்யா ராஜேஷ், அப்பாவாக பார்த்திபன். மீதியை நான் சொல்ல மாட்டேன். முதல் சீசன் எட்டே எபிசோடு. வருஷக்கணக்காக இழுக்கிற சீரியல் மாதிரி இல்லை, எடுத்த விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

ஒரு எபிசோடைச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, கீழே ஓடுகிற ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்த்தேன். கதை புரிந்தது. யார் எதை மறைக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. திருவிழா மேளம் போனது நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சீரியலில் பின்னணி இசையை வாரி இறைத்து வசனத்தை மூழ்கடிக்கிறார்களே, அந்தத் தொல்லை எழுத்துக்கு இல்லை. ஒரு வரி தவறிப்போனால் பத்து வினாடி பின்னால் போகப் பொத்தான் இருக்கிறது. எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம், பின்னால் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளலாம். 'சிசி' என்று போட்டிருந்தால் அதையே தேர்ந்தெடு. கதவு தட்டுவது, இடி இடிப்பது, இசை மாறுவது எல்லாவற்றையும் அதில் எழுதிக் காட்டுவார்கள். பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கிற 'டயலாக் பூஸ்ட்' என்ற வசதியையும் பிரைமில் 2023-இல் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடமும் ஒன்று உண்டு. வேறொரு தளத்தில் ஒரு தமிழ்த் தொடரைத் திறந்தேன். ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது, தமிழ் இல்லை! தமிழிலேயே பேசி நடித்ததைத் தமிழில் எழுதிக் காட்ட என்ன தடை? நீ காலமெல்லாம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள், வாசித்துவிடுவாய். உங்கள் பெரியக்காவுக்கும் காது மந்தம்தானே, அவர் என்ன செய்வார்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவைப் பெரியவன் எடுத்துக் காட்டினான். மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, எழுத்து வரி எல்லாம் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அந்தத் தளத்துக்கு நான் தமிழிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். நீயும் ஒன்று எழுது. நம் மாதிரி ஆட்கள் பார்க்கிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

செலவைப் பற்றி யோசிப்பாய். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் திட்டத்தை 2021 டிசம்பரில் 149 ரூபாயாகக் குறைத்தார்கள். அது போனிலும் டேப்லெட்டிலும்தான் ஓடும், டிவியில் வராது. நம் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை எழுத்து ஆகாது, அதனால் வேண்டாம். பிரைமையே எடு. போன் டேட்டாவை டிவிக்குக் கொடுக்காதே, எச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜி.பி. வரைகூடப் போகும். வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேள்.

பொங்கல் கழிந்து நான் அங்கே வருகிறேன். அதற்குள் உன் டிவியின் பின்பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால் ஃபயர் ஸ்டிக் ஒன்று வாங்கி வருகிறேன், அந்தத் துளையில் செருகினால் வைஃபை வழியாகப் பிரைம் டிவியில் ஓடும். இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று மருமகளிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி