கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்து வையுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் வன உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். மழைக்குப் பிந்தைய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பின் முடிவு இம்முறையும் ஒரே ஓர் எண்ணாகச் செய்தித்தாளில் வந்திருக்கிறது. இத்தனை இனங்கள் பதிவாயின, சென்ற ஆண்டைவிட இத்தனை கூடுதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எந்த இனம், எந்த ஓடைக்கரையில், எந்த உயரத்தில், எந்த நாளில் என்று தன்னார்வலர்களாகிய நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்களைக் கேட்டால், "மேலே அனுப்பியாயிற்று" என்ற பதிலே கிடைக்கிறது. அந்தப் பதிவுகளை இடமும் நாளும் சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அத்தாளில் ஒரு வரி எழுத எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை எங்களுடன் நடந்த வனக்காவலர்கள் அறிவார்கள். புல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அமர்ந்து சிறகை மூடிய பிறகு, முன்சிறகின் அடிப்புறத்தில் நரம்புகள் சூழ்ந்த சிற்றறைக்குள் இருக்கும் புள்ளிகள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று பார்த்தே இனம் பிரிக்க வேண்டும். பின்சிறகு அதை மறைத்துவிட்டால், அது எழுந்து மறுபடி அமரும்வரை, காலில் அட்டை ஏறுவதையும் பொறுத்துக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். புதர்ப் பழுப்பன்கள் என்னும் வண்ணத்துப்பூச்சிகளில் ஒரே இனத்துக்கு மழைக்கால வடிவம் வேறு, வறண்ட கால வடிவம் வேறு. நீலன்கள் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சிகளில் சிலவற்றைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே இயலாது என்பதால், அவற்றுக்கு எதிரே "இனம் உறுதியில்லை" என்று எழுதித் தருகிறோம். எல்லாம் ஓர் எண்ணாகச் சுருங்கும்போது அந்த எச்சரிக்கையும் காணாமல் போகிறது.

எண்ணை வைத்து வரைபடம் வரைய முடியாது. பெரிய பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சி ஈஸ்வரமூலிக் குடும்பத்துச் செடிகொடிகளில் மட்டுமே முட்டையிடுகிறது. அப்படிப்பட்ட கொடிகள் நிறைந்திருந்த ஒரு சாலையோரத்தை, புதர் என்று சொல்லி, அடியோடு வழித்தெடுத்தார்கள். அங்கே புழுக்கள் இருந்ததை நாங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். வேலைக்கு ஒப்புதல் தந்தவரின் மேசையில் அந்தத் தாள் இல்லை, எங்கள் கையிலும் நகல் இல்லை. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

தமிழ் மறவனை 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது நாங்கள் உளமார மகிழ்ந்தோம். அதன் புழு உண்ணும் மரவெட்டி மரம் ஓடைக்கரைகளில் வளர்வது. அம்மரங்கள் எந்தெந்த ஓடைகளில் எஞ்சியிருக்கின்றன என்று எவரும் பார்க்கத்தக்க ஒரு வரைபடம் வேண்டாமா? பெயர்ப்பலகைகளிலும் சுவர்களிலும் அதன் படத்தைத் தீட்டச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கேனும் அதன் மரத்துக்குச் சேர வேண்டும். காப்புக்காட்டுக்கு வெளியே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளின் நிலை இதைவிட மோசம். அங்கே கணக்கெடுப்பே அரிது.

இடத்தை வெளியிட்டால் பிடித்து விற்பவர்களுக்கு வழிகாட்டியதாகும் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. அது நியாயமான அச்சம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள இனங்களுக்குத் துல்லியமான இடத்தை மறைத்து, சில கிலோமீட்டர் அளவுள்ள கட்டமாக மட்டும் காட்டலாம். மற்ற இனங்களை மறைக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்: அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பாவது, இதுவரை சேர்ந்த பதிவுகளை இடம், நாள், உயரம், ஐயக்குறிப்பு ஆகியவற்றுடன் வெளியிடுங்கள். தாள்கள் எந்த அலமாரியில் இருந்தாலும், உங்கள் அலுவலகத்திலேயே அமர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு ஊதியம் வேண்டாம். எழுத்துப்பூர்வமான அனுமதியும், யாரைச் சந்திக்க வேண்டும் என்ற விவரமும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பில் பங்கேற்ற ஒரு தன்னார்வலர்